மாதத்துக்கு ஒரு கடிதம்

கண்ணாடித் தொழிற்சாலை மூடப்பட்ட வாரத்தில் வெர்லின் ஸ்டாஃபர் தன் முதல் கடிதத்தை எங்கள் வாரப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தார். வேலைகள் மெக்ஸிகோவுக்குப் போனதைப் பற்றியது. முப்பத்தொரு வருடம் உலைக்கு முன்னால் நின்றவரின் கோபம் இருநூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கியிருந்தது. அடக்கியவர் அவர் மனைவி டோரீன். அவர் பென்சிலால் அடித்த வரிகள் தாளில் தெரிந்தன.

பிறகு வெர்லின் இருபது வருடம் எழுதினார். வட்டி விகிதம், சீன எஃகு, எண்ணெய் விலை, போர்கள். இரண்டு கட்சிகளையும் மாற்றி மாற்றித் திட்டினார். வரியை மட்டும் மாறாமல் திட்டினார். "வரி விருந்தாளியாக வரும், பிறகு பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொள்ளும்" என்று அவர் எழுதியதை ஊரில் பலர் வெட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்கான வரி, ஊர் மக்கள் போட்ட ஓட்டில் தோற்றது. நூலகத்துக்கானதும் தோற்றது. அன்றெல்லாம் பேட்ஸியின் உணவகத்தில் அவருக்குக் காபி இலவசம்.

அவர் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாராவாரம் அவரை மறுத்து எழுதத் தொடங்கியபோது, வெர்லின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஆளுக்கு மாசம் ஒண்ணுன்னு வை, லோர்னா. இல்லேன்னா இந்தப் பக்கத்த அந்தம்மா பேருக்கே பட்டா போட்டுக் குடுத்துடு."

பத்திரிகை ஆசிரியர் லோர்னா ஒப்புக்கொண்டார். மாதத்துக்கு ஒரு கடிதம் என்பது விதியானது.

மூன்று வருடம் முன்பு டோரீனுக்குப் பக்கவாதம் வந்தது. மாவட்ட முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து நான்கு தெரு. வெர்லின் தினமும் பதினொரு மணிக்கு நடந்துபோய் மதியச் சாப்பாட்டை ஊட்டுவார். வேறு யார் கரண்டியை நீட்டினாலும் டோரீன் வாயைத் திறப்பதில்லை.

இல்லம் மாவட்டத்தின் சொத்து வரியில் ஓடுகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்த வரி ஓட்டுக்கு வரும். போன தடவை இருநூறு ஓட்டில் பிழைத்தது. அப்போது வெர்லின் அதை எதிர்த்து எழுதியிருந்தார். டோரீன் அப்போது நடந்துகொண்டிருந்தார்.

இந்த நவம்பரில் மறுபடி ஓட்டு என்று ஆகஸ்டிலேயே மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தோம். வெர்லின் மூன்றாம் பக்கம் படிப்பவரல்ல. அக்டோபர் முதல் வாரம் வாஷிங்டனின் பட்ஜெட் இழுபறியைப் பற்றிக் கடிதம் கொடுத்தார். அது அச்சாகி எட்டாம் நாள் அவர் போனபோது, இல்லத்தின் வாசலில் பணிப்பெண் கார்லா பலகை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பொண்ணே இது?"

"ஓட்டுக்குத்தான். தோத்தா மூடிருவாங்க. நீங்க எழுதுவீங்கல்ல? நீங்க சொன்னா ஊரு கேக்குமே."

அன்று அவர் சாப்பாடு ஊட்டிவிட்டு நேராக எங்களிடம் வந்தார். கொண்டுவந்த ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்து கோணியிருந்தது. அடித்த வரி ஒன்றுகூட இல்லை.

"அடுத்த மாசம்தான் போட முடியும், வெர்லின்," என்றார் லோர்னா. "உங்க விதி."

"அடுத்த மாச மொத இதழ் ஓட்டு முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வரும்."

"தெரியும். உங்களுக்காக மீறினா அந்த டீச்சர் சும்மா விடுவாங்களா? விளம்பரமாக் குடுங்க, போடறேன்."

"காசு குடுத்துச் சொன்னா எவன் நம்புவான்?"

உணவகத்தில் ராய்ஸைப் பிடித்தார். உலையில் கூட நின்றவர் ராய்ஸ். கடிதத்தை உன் பெயரில் கொடு என்று கெஞ்சினார்.

"யோவ், உன் கடிதாசிய வீட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன்யா. விருந்தாளி, பெட்டி, எல்லாம். இப்ப நானே அந்த விருந்தாளிக்கு மெத்தை போடணுமா?"

"டோரீன் இருக்காடா அங்க."

ராய்ஸ் முட்டையைக் கிளறினார். "எல்லாருக்கும் யாரோ ஒருத்தர் எங்கயோ இருக்காங்க," என்றார். குரலில் கோபமில்லை.

தேர்தலன்று வெர்லின் ஓட்டுச்சாவடியான தீயணைப்பு நிலையத்துக்கு வெளியே, சட்டம் அனுமதிக்கும் தூரத்தைக் காட்டும் சிறு கொடிகளுக்கு அப்பால், பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'இல்லத்துக்கு ஆம்.' மழை தூறியது. நான் ஓட்டுப் போட்டுவிட்டு அவரிடம் போய் நின்றேன். வண்டிகள் வேகம் குறைந்தன. பலகையை யாரும் படிக்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"கவலப்படாத வெர்லின்! இதையும் கவுத்துடலாம்!"

"இல்ல, இல்ல, கேளு..."

ஹாரனடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஓட்டுப் போடும் எண்ணமே இல்லாமல் மரக்கடைக்குப் போனவராம். இவரைப் பார்த்ததும் ஞாபகம் வந்து வண்டியைத் திருப்பியதாகச் சொன்னார். நன்றி சொல்லி இவர் தோளைத் தட்டினார். வெர்லின் பலகையைக் கீழே இறக்கினார்.

அறுபத்துமூன்று ஓட்டில் தோற்றது.

வியாழக்கிழமை இதழில் அவர் கடிதம் வந்தது. லோர்னா ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

டோரீனுக்கு இரண்டு மாவட்டம் தள்ளி இடம் கிடைத்தது. வண்டியில் ஒன்றே முக்கால் மணி நேரம். வெர்லினுக்குக் கண்புரை. நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது என்றிருக்கிறார்கள். கார்லா ஞாயிறுகளில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்ற ஆறு நாளும் அங்கே யார் கரண்டியை நீட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

டோரீனை வேனில் ஏற்றியனுப்பிய மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அங்கயும் இதே மாதிரி ஓட்டு வரும்தானே?"

"வரும். அடுத்த வருஷம்னு நினைக்கிறேன்."

"அந்த ஊர்ப் பேப்பர்ல வெளியூர்க்காரன் எழுதினாப் போடுவாங்களா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றியா?"

விசாரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பத்திரிகை நின்று ஆறு வருடமாகிறது. அதைச் சொன்னேன்.

"அப்ப அங்க ஜனங்க என்னத்தப் படிக்கிறாங்க?" என்று கேட்டார்.