மேசை விளிம்பில் மூன்று பிளாஸ்திரி

கையைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையைக் குழந்தையின் வயிற்றில் வைக்கிறார் குழலி சிஸ்டர். அடுத்தது உள்ளங்காலில். வயிறு சூடாக இருந்து கால் மட்டும் சில்லிட்டிருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், "இருக்குது" என்பார். அவ்வளவுதான். 'நல்லா இருக்குது' என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை. கண் பட்டுவிடுமாம்.

ஏலவார்குழலி என்பது முழுப்பெயர். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். இருபத்திரண்டு வருஷமாகப் பச்சைக்குழந்தை வார்டில் நர்ஸ். கூப்பிடுகிறவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்வதால் குழலி சிஸ்டர் ஆகிவிட்டார். கண்காணிப்புக்கு ஒரு குழந்தை வந்துவிட்டால் போதும், மூன்று துண்டு பிளாஸ்திரி வெட்டி மேசை விளிம்பில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஊசியைக் குத்தி ஒட்ட வேண்டி வந்தால் அந்த நேரத்தில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள்.

முன்பு இந்தத் தவிப்பெல்லாம் கிடையாது. பிரசவத்தில் தாய்க்கு உடம்பு கொஞ்சம் காய்ந்தாலே பிள்ளைக்குக் கிருமி மருந்து. ஏழு நாள் ஊசி, ஏழு நாள் தாயைப் பிரிந்த படுக்கை. பிஞ்சுக் கை வீங்கும், தாய்க்குப் பால் வற்றும். கடைசியில் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு கிருமியும் இருந்திருக்காது. இப்போது கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு வந்திருக்கிறது. எத்தனை வாரத்தில் பிறந்தது, தாய்க்கு எவ்வளவு காய்ச்சல், பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம் என்று போட்டால், கிருமி தாக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். குறைவு என்றால் மருந்து வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

"அது பாட்டுக்குச் சொல்லிடுது. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு உக்காந்திருக்கறது யாரு? நான்தானே?" என்பார் சிஸ்டர்.

போன மாதம் அந்த நெருப்பு கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது. காலை டூட்டிக்கு வந்தவரிடம், இரவு டூட்டி முடித்துக் கிளம்பிய சிம்ரன், சங்கரியின் குழந்தையை ஒப்படைத்தாள். "அஞ்சு மணிக்குப் பொறந்துதுக்கா. அம்மாவுக்கு லேசா ஃபீவர். தண்ணி ஒடைஞ்சு நாலு மணி நேரம்தான். ஸ்கோர் கம்மி."

சங்கரி நெசவு செய்கிறவள். தறிக்காரப் பெண்களிடம் குழலி சிஸ்டர் மணி கேட்பதில்லை.

"தறி எங்கம்மா நிக்குது?"

"பொடவ முந்தி ஒரு மொழம் ஏறியிருக்குது சிஸ்டர்."

"தண்ணி கசிய ஆரம்பிச்சப்போ?"

சங்கரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்போதான் முந்தியே ஆரம்பிச்சேன். சொன்னா தறிலேர்ந்து எறக்கிடுவாங்க. கல்யாணப் பொடவ… இங்க கேட்டப்போ பயந்துக்கினு மாத்திச் சொல்லிட்டேன்."

கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவையில் ஒரு முழம் என்றால் ஒரு முழுப் பகல். அதைச் சிஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பகலோடு விடிகாலை ஐந்து மணி வரைக்கும் கூட்டினால் நாலு மணி நேரமா? இருபது!

"அட மகராசி! வயித்துல புள்ளைய வெச்சிக்கினு முந்தியப் பாத்தியே!"

திட்டிக்கொண்டே ஓடினார். கம்ப்யூட்டரில் திருத்திப் போட்டதும் எண் ஏறிவிட்டது. டாக்டர் முரளீதரன் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "ஊசி இப்ப வேண்டாம் சிஸ்டர். மூச்சு, சூடு, பால் குடிக்கிறது, மணிக்கு மணி பாருங்க. ஒண்ணு தப்பினாலும் உடனே ஆரம்பிச்சுடலாம்."

வாசலில் சங்கரியின் புருஷன் தேவேந்திரன் மறித்தான். "எதனா ஒரு ஊசி போடும்மா. சும்மா பாத்துக்கினு இருக்கறதுக்கா ஆஸ்பத்திரி?"

"பாக்கறதுதாம்பா இங்க வேலை. ஊசி போட்டுட்டு நான் நிம்மதியா டீ குடிக்கப் போயிடலாம். வலி உன் புள்ளைக்குதானே?"

வாய்தான் அப்படிப் பேசியது. பதினோரு மணிக்கு மூச்சை எண்ணினார், அறுபத்து நாலு. அறுபதைத் தாண்டக் கூடாது. வாய்க்குள் "காமாட்சி, காமாட்சி" என்றபடி ஊசித் தட்டை இழுத்து வைத்தார். பிளாஸ்திரியின் மேல் விரல் போய்விட்டது. அப்போதுதான் கவனித்தார், குழந்தை வீறிட்டு அழுது இப்போதுதான் ஓய்ந்திருந்தது. அழுத மூச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதைத் தூக்கிச் சங்கரியின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் சிஸ்டர் உட்காரவில்லை. மறுபடி ஒரு முழு நிமிஷம் எண்ணினார். ஐம்பது.

சங்கரி அவர் முகத்தையே பார்த்தாள். "இருக்குது," என்றார் சிஸ்டர்.

அன்றும் மறுநாளும் டூட்டி முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகிறவராக இல்லை. வார்டில் எல்லோருக்கும் யாரோ கொண்டுவந்த கோயில் பிரசாத இட்டிலி பங்கு வந்தது. அவருடையது இலையிலேயே காய்ந்தது.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து, ரத்தத்தில் எதுவும் வளரவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். தேவேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டான். மருந்தூசியால் வீங்காத அந்தக் குட்டிக் கையைச் சங்கரி முத்தமிட்டாள்.

குழலி சிஸ்டர் மேசைப் பக்கம் போனார். பிளாஸ்திரித் துண்டு ஒன்றைப் பிய்த்துச் சுருட்டிப் போட்டார். இரண்டாவதையும் பிய்த்தார். மூன்றாவதன் நுனியை நகத்தால் கிளப்பியவர், வாசல் தாண்டும் குழந்தையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டைவிரலால் அதை மறுபடி அழுத்தி ஒட்டினார்.