பஸ் எங்கன வருது?

பேருந்து நிறுத்தங்களில் ஒட்டுவதற்காக அச்சடித்து வந்த மஞ்சள் ஸ்டிக்கரில், உதவி எண் என்று என் சொந்த செல்போன் எண்தான் இருந்தது. தனி இணைப்பு வாங்குவதற்கான கோப்பு நகரவில்லை. "இப்போதைக்கு உன் நம்பரப் போடும்மா, பொறவு மாத்திக்கிடலாம்" என்றார் சார். அரசாங்க நிதியில் எங்கள் பொறியியல் கல்லூரி நடத்திய ஆராய்ச்சி அது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வரும் சில பேருந்துகளில் கருவி பொருத்தி, வண்டி எங்கே வருகிறது என்று செயலியில் காட்டுவோம். சேரும் தரவை வைத்து நேர அட்டவணையைச் சீராக்க முடியுமா என்று பார்ப்போம். சார் திட்டத் தலைவர், நான் உதவியாளர். இப்போதைக்கு என்று செய்த எதுதான் நம் ஊரில் பிறகு மாறியிருக்கிறது?

செயலியைக் கல்லூரிப் பிள்ளைகள் பார்த்தார்கள். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி வந்தவர்தான் அக்கா. வீரவநல்லூர் தாண்டி ஒரு சிற்றூரில் பீடி சுற்றுகிறவர். கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பேருந்து முன்னே பின்னே வரும். விட்டால் அன்றைய முறை போய்விடும். அதனால் வெகுநேரம் முன்பே வந்து உட்கார வேண்டும். நிறுத்தத்தில் கூரை கிடையாது. வெயிலில் தாகம் எடுத்தாலும் கணவர் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். எதிரே கால்வாயில் தாமிரபரணி தளும்பிப் போய்க்கொண்டிருக்கும்.

"பஸ் எங்கன வருது, தங்கச்சி?" என்பார். நான் திரையைப் பார்த்து, "கல்லிடைக்குறிச்சி தாண்டிட்டுக்கா, பையப் பொறப்படுங்க" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒருமுறை களப்பணிக்குப் போனபோது அவர்கள் வீட்டில் நேரில் பார்த்தேன். கணவர் உள்ளே மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். அக்கா வாசலில் பீடி இலையை நறுக்கிக்கொண்டே, "இந்த மனுசன் இப்பம்லாம் வெயில்ல கெடக்கதே இல்ல" என்று சிரித்தார். அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திட்டக்காலம் முடிந்தது, கருவிகளைக் கழற்றினார்கள். பயணிகளின் காத்திருப்பு கணிசமாகக் குறைந்தது என்று அறிக்கையில் தட்டச்சு செய்தவள் நான்தான். சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை, கருவிகளைத் தொடர்ந்து ஓட விடுங்கள் என்று எழுதிப் பார்த்திருக்கிறார். பராமரிக்க நிதி இல்லை என்று பதில் வந்ததாம். "நாம ஆராய்ச்சிதான பண்ணுதோம், பஸ்ஸா ஓட்டுதோம்?" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதரை என்னவென்று வைவது?

அக்காவின் அழைப்பு நிற்கவில்லை. கொஞ்ச நாள் அந்த வண்டியின் நடத்துநர் அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன். பிறகு அவரைத் தென்காசி வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குத்துமதிப்பாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொன்னது தப்பினால் பாடுபடப்போவது அக்கா கணவரின் உடம்பல்லவா. இன்றைக்கு சிக்னல் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியாதுக்கா. மிஷினையெல்லாம் கழத்திட்டாங்க. இனிமே தெரியவே தெரியாது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அப்பம் ஒன் வேல போயிட்டா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லக்கா. கோயம்புத்தூர்ல அடுத்த திட்டம். இதே வேலைதான்."

"நல்லா இரு. அங்கன யாரும் கூப்பிட்டா எடுத்துச் சொல்லு, என்னா?" என்றார். பிறகு, "சரி, வையி. நாங்க இப்பவே போயி உக்காந்துக்கிடுதோம்."