உப்பு பார்க்கிற நாக்கு

வலது காதுக்குப் பின்னாடி வலி வந்த அன்னிக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். போகலை. மறுநாள் காலையில வாய் கொப்பளிச்சேன், தண்ணி ஒரு பக்கமா ஒழுகி லுங்கியில விழுந்துச்சு. கண்ணாடியில பார்த்தா பாதி மூஞ்சி தொங்குது, வலது கண்ணு மூட மாட்டேங்குது. "ஏங்க, பக்கவாதமா?"ன்னு பொண்டாட்டி அழ ஆரம்பிச்சுட்டா. "சும்மா இரு, பைக்ல போனப்ப காத்து அடிச்சிருக்கு"ன்னு கத்திட்டு, பம்மல்ல ஒரு எண்ணெய்க்காரர்கிட்ட பத்து நாள் நீவிக்கிட்டேன். அறிவு கெட்டவன் நான்.

அப்புறம் பார்த்த டாக்டரம்மா சொன்னாங்க: "வைரஸால முகத்து நரம்பு வீங்கியிருக்கு பாய். நாக்கோட முன்பக்கத்து ருசியும் அந்த நரம்பு வழியாத்தான் போகுது. முதல் மூணு நாளுக்குள்ள வந்திருக்கக் கூடாதா?" ருசி திரும்ப வருமான்னு கேட்டேன். வரலாம்னாங்க. வரும்னு சொல்லலை.

மூஞ்சி போனா போகட்டும். நான் பிரியாணி மாஸ்டர். கொதிக்கிற உலைத் தண்ணியை உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கி, "போடு அரிசியை"ன்னு நான் சொன்னாத்தான் அரிசி இறங்கும். என் அண்டாவுல வேற எவனும் உப்பு பார்க்கக் கூடாது, கூடவே வேலை செய்யுற என் தம்பிகூட. இப்போ நாக்குல வலப்பக்கம் எதுவும் ஏறலை. இடப்பக்கம் எது பட்டாலும் துருப்பிடிச்ச இரும்பு மாதிரி இருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடலை. மகளுக்கு நிக்காஹ் வேற பேசி முடிச்சிருந்தோம். அவ கல்யாண பிரியாணியை நான்தான் ஆக்கணும்னு எனக்குப் பிடிவாதம்.

நடுவுல நோன்பு மாசம் வந்துச்சு. பொழிச்சலூர்ல எங்க பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுறது நான்தான். நோன்பு பிடிச்சிருக்கிறதால வாயில வைக்காம கைக்கணக்குலயே உப்பு போட்டுடுவேன், வருஷா வருஷம் அப்படித்தான். அந்த மாசம் பூரா ஒரு குறை இல்லை. "கஞ்சி சூப்பர் பாய்"னாங்க. அடடா, நாக்கு எதுக்கு, கை இருக்கேன்னு எனக்குத் தைரியம் வந்துடுச்சு.

பெருநாள் முடிஞ்சு தாம்பரத்துல ஒரு மண்டபத்துல நிக்காஹ். சாமான்ல கல் உப்புக்குப் பதிலா தூள் உப்பு வந்திருந்துச்சு. என் பிடிக்கணக்கெல்லாம் கல் உப்புக்குத்தான். தூள் கரிக்கும்னு குறைச்சுப் போட்டேன். அப்பவும் சந்தேகம் போகலை. உள்ளங்கையில விட்டு நக்கினேன், ஒண்ணும் தெரியலை. பழக்கதோஷத்துல இன்னும் மூணு பிடி அள்ளிப் போட்டேன்.

"அண்ணே, நான் ஒரு வாய் பார்க்கட்டுமா?"ன்னு தம்பி கரண்டியை எடுத்தான்.

"என் மூஞ்சிதான்டா கோணிச்சு, நாக்கு இல்லை!"

அத்தனை பேர் முன்னாடி திட்டினேன். அவன் கரண்டியைக் கீழ வச்சுட்டான்.

எங்க பக்கம் சஹன்ல, அதாவது பெரிய தட்டுல, நாலு பேர் சேர்ந்து உக்காந்து சாப்பிடுவோம். தட்டு காலியாத்தான் திரும்பும். அன்னிக்கு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்ட சஹனெல்லாம் சோறோட திரும்பி வந்துச்சு. தண்ணி பாட்டில் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சம்பந்தி வந்து என் கையைப் பிடிச்சு, "பரவால்ல பாய், உடம்பைப் பார்த்துக்குங்க"ன்னார். செருப்பால அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

பெண்கள் பக்கம் மகளைத் தேடிப் போனேன். அவ முன்னாடி இருந்த தட்டு மட்டும் சுத்தமா காலி. "நல்லாருந்துச்சு அத்தா"ன்னு சொல்லிட்டு ஒரு பாட்டில் தண்ணியையும் ஒரே மூச்சுல குடிச்சா.

வருஷம் ஒண்ணாச்சு. மூஞ்சி ஓரளவு நேராயிடுச்சு, ருசி வரவே இல்லை. இப்போ என் அண்டாவுல தம்பிதான் உப்பு பார்க்கிறான். அதுகூடப் பழகிடுச்சு.

போன வாரம் மகள் வந்திருந்தா. சமையக்கட்டுல அவ அம்மாகிட்ட மெதுவா சொல்லிக்கிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு. அவ வைக்கிற குழம்பை இன்னிக்கும் மாமியார் முதல்ல வாயில வச்சு உப்பு பார்ப்பாங்களாம். அதுக்கப்புறம்தான் மத்தவங்களுக்குப் பரிமாறணுமாம். "அத்தாகிட்ட சொல்லிடாதம்மா"ன்னா.

அவ நாக்குக்கு ஒண்ணும் ஆகலையே. அன்னிக்கு நான் தம்பியை உப்பு பார்க்க விட்டிருக்கலாம்.