டென்மார்க் தட்டும் சின்யோராவின் மன்னிப்பும்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்தேன். எசமானியைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். குள்ளமான உருவம், அதைச் சரிக்கட்ட உயர்த்திக் கட்டிய கொண்டை. அவரிடம் டென்மார்க்கில் செய்த பழைய பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. நீலக் கடலில் பாய் விரித்துப் போகும் கப்பலை அதில் தீட்டியிருந்தார்கள். தூசி தட்டக்கூட எவரையும் விடமாட்டார்.

ஒருநாள் என் கண்முன்னே அது அவர் கையிலிருந்து நழுவி நொறுங்கியது. சத்தம் கேட்டு அவர் கணவர் ஓடி வந்தார். சின்யோரா என்னைக் காட்டி, "ஏசாதேங்கோ, பாவம், தெரியாமல் போட்டிட்டாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் கொதித்தார்.

"நான் உடைக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். இந்த நாட்டிலை இருக்கிற அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் அவதானே தரவேணும்?"



அதன்பின் விருந்தினர் வரும்போதெல்லாம் சின்யோரா என் தோளில் கைவைத்து, என்னை மன்னித்த கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் தட்டின் வயது கூடியது. அவருடைய பெருந்தன்மையும் கூடியது. கேட்ட பாதிரியார் ஒருவர் கண்கலங்கியே விட்டார்.

வேறு வேலை கிடைத்து விடைபெறப் போனபோது வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். இப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று நின்றேன். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் நனைந்திருந்தன.

"அந்தத் தட்டை நினைச்சு இனிக் கவலைப்படாதை. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

அது நடிப்பென்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. படியிறங்கும்போது என் மனம் கொஞ்சம் இலேசாகியிருந்தது; அதுதான் எனக்கு வெட்கம்.