எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

போன வாரம் என் பேத்தி காலேஜில் சேருவதற்கான படிவத்தைப் போனிலேயே நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் இங்கிலீஷில் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அதெல்லாம் காக்காய் கத்துகிற மாதிரிதான். திடீரென்று "ஐ அண்டர்டேக்" என்று ஒரு இடம் வந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "அது எனக்குத் தெரியும், ஏத்துக்கறேன்னு அர்த்தம்" என்றேன். பேத்தி போனை விட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அஜ்ஜிக்கு இங்கிலீஷ் வருது" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மைசூர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டி அஜ்ஜிதான். என் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள் நான். பஸ் நம்பரை வைத்துத்தான் பஸ் ஏறுகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு வரும். அது வீட்டுக்குள் வந்த நாள், வந்த வழி, அது செய்த வேலை எல்லாம் தெரியும்.

காலேஜ் படிவத்தில் அது எதற்கு என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகளைக் கேலி செய்து கொடுமைப்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதாம். பிறகு இரண்டு பேருமாக அந்த வார்த்தையை மைசூர் முழுக்கத் தேடினோம். பெயிண்டர் கடைப் பலகையில் அதுதான் இருக்கிறதாம், எல்லாவித வேலையும் எடுத்துச் செய்வோம் என்று. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருப்பதும் அதுதானாம், ஆனால் அங்கே சர்க்கார் நடத்தும் நிறுவனம் என்று பொருளாம். என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது என் மகன் கையெழுத்துப் போட்டானே, அதிலும் அதுவாம், எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு என்று. ஒரே வார்த்தை எத்தனை வீட்டில் வேலை பார்க்கிறது பாருங்கள். பேத்தி போனில் ஒரு தட்டுத் தட்டினாள், முடிந்தது. விரலில் மைகூட ஒட்டவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள். சத்தியமங்கலத்துப் பெண், தமிழ் படித்தவள். "பஸ்ஸை விட்டு எறங்குங்க அத்தை, விசயத்துக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன்.

என் மகள் எட்டாவது படித்த காலம். மைசூரில் இரண்டு அறை வீடு, நான், என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியார் கொள்ளேகால் பக்கம் ஹனூர்க்காரர். இங்கே வந்து எத்தனை வருஷம் ஆனாலும் பேச்சும் நடையும் ஹனூரில்தான் இருந்தன. வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். அவருடைய அம்மா சொன்னாலும் தலையாட்டுவார், நான் சொன்னாலும் தலையாட்டுவார், அதனால் அந்தத் தலையால் யாருக்கும் பயன் இல்லை. நான் வீட்டில் ஊதுபத்தி உருட்டினேன். உருட்டி உருட்டி விரலில் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. இப்போது ரேஷன் கடை மெஷின் என் விரலைப் பார்த்து யாரென்று தெரியாது என்கிறது. கண்ணைக் காட்டச் சொல்கிறார்கள். அப்போது கொஞ்சம் ரேகை மிச்சம் இருந்தது.

ஹனூரில் என் நாத்தனாருக்கு ஒரு மகன். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான், நல்ல பிள்ளைதான். தசராவுக்கு வந்த நாத்தனார், என் மகளை அவனுக்குக் கேட்டாள். மாமியார் சரி என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். ஸ்கூலை நிறுத்திவிடலாம், கொஞ்ச நாள் வீட்டு வேலை பழகட்டும் என்று பேச்சு முடிந்தது. மகள் புத்தகப் பையைத் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள். அவள் அழுதிருந்தால் நானும் கூட அழுதுவிட்டு விட்டிருப்பேன். அந்தப் பையை அவள் மடித்ததைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கூலில் இருந்து சர்டிபிகேட் வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். ஹெச்.எம். மேடம் மேலுகோட்டை ஐயங்கார் வீட்டுப் பெண். அவர் வீட்டுத் தமிழ் ஒரு மாதிரி, எங்கள் தமிழ் ஒரு மாதிரி, நடுவில் கன்னடத்தைப் போட்டு ஒப்பேற்றிக்கொள்வோம். சர்டிபிகேட் கேட்டேன். உனக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். எனக்கு என்னங்க, வீட்டில் சொல்கிறார்கள் என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். என்னை யாரும் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டதில்லை. சம்மதம் இல்லைங்க என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது.

போலீசுக்குச் சொல்லலாம், இந்த வயதில் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் நீ எப்படி இருப்பாய் என்று அவரே யோசித்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். அண்டர்டேக் என்ற வார்த்தை வந்த இடத்தில் விரலை வைத்து எனக்கு விளக்கினார். "செய்யறேன்னு சொன்னா மழை வந்தா நிறுத்திக்கலாம். அண்டர்டேக்னு எழுதிட்டா மழையும் நம்மளுதுதான்." பத்தாவது முடிக்கும்வரை மகளை ஒருநாள் விடாமல் ஸ்கூலுக்கு அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. குழாயடியில் சோப்புப் போட்டு விரலைக் கழுவிவிட்டு வந்து கட்டைவிரலை வைத்தேன். கீழே அவரும் என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டில் கேட்டால், விரல் வைத்துவிட்டேன், இனி என் கையில் இல்லை என்று மட்டும் சொல் என்றார்.

அப்படியே சொன்னேன். மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குக் காகிதம் என்றால் நடுக்கம். முன்பு ஹனூரில் அவர் அண்ணன் மாட்டைக் காட்டுக்குள் விட்டுவிட்டார் என்று ஃபாரெஸ்ட்காரர்கள் கைரேகை வாங்கி, மாசாமாசம் ஆபீஸில் வந்து நிற்க வைத்தார்களாம். எழுத்துத் தெரியாதவள் எதற்கு விரலை நீட்டினாய் என்று என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் பெட்டிக்கு அடியில் இருந்து அந்தப் பையை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு அடங்காது. மகள் ஸ்கூலுக்குப் போவதை என்னைவிட மாமியார்தான் காவல் காத்தார். காலையில் எழுப்புவார், தலை பின்னுவார், கேட் வரைக்கும் கூடவே நடப்பார். ஒருநாள் ஏதோ திடீர் லீவு, எங்களுக்குத் தெரியாது. வாட்ச்மேன் திரும்பிப் போகச் சொன்னால், நாங்கள் வந்தோம் என்று எழுதி வை என்று அவனிடம் ஒரே சண்டை. அவன் காற்றில் விரலால் எழுதிக் காட்டிய பிறகுதான் நகர்ந்தாராம்.

மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று இன்னும் வேடிக்கை. நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன், மாமியாரைக் காணவில்லை. அவர் ஸ்கூலுக்குப் போய் மகளுடைய பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மகள் பெயரைக் கூப்பிட, இவர் எழுந்து நின்று, "காச்சலுங்க, அவளுக்குப் பதுலா நான் வந்திருக்கறனுங்க" என்றாராம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஹெச்.எம். மேடமே வந்து பார்த்திருக்கிறார். பார்த்தவர் போகச் சொல்லவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு மாமியார் திரும்பி வந்தார். காய்ச்சலில் கிடந்த என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "கணக்குல என்னமோ கேட்டாங்க கண்ணு. ஆருக்கும் தெரியல. நாளைக்கு எங்க பாப்பா வந்து சொல்லுவான்னு சொல்லீட்டு வந்திருக்கறன். நல்லாப் படிச்சுக்க" என்றார். அன்றைக்கு எனக்கு அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அறுவடை முடிந்ததும் நாத்தனார் சேலையும் பூவுமாக வந்துவிட்டாள், நிச்சயம் பண்ணிவிட்டுத்தான் போவேன் என்று. காகிதத்தைப் பற்றிச் சொன்னோம். அவள் அஞ்சாவது வரை கன்னடம் படித்தவள், எங்களைப் போல் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். மூன்று பேரும் போனோம். ஹெச்.எம். மேடம் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நாத்தனார் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "சீல் எங்கீங்க? இது வெறும் நோட்டுக் காயிதமாட்ட இருக்குது" என்றாள்.

மேடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் மனசுக்குள் கும்பிட்டேன், சொல்லிவிடுங்கள் என்று. அவர் சொல்லவில்லை. ஆமாம், நோட்டுக் காகிதம்தான், இதை மீறினால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று எடுத்த எடுப்பில் ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நாத்தனார் சிரித்துவிட்டாள். "கேட்டியாம்மா? ஒண்ணுமில்லாத காயிதத்துக்கு ஒரு வருசமாப் பயந்து ஓடியிருக்கற" என்றாள்.

மாமியார் சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்து, கீழே தனியாக ஒரு கிறுக்கல் இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். இந்தப் பெண்ணை அனுப்ப வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போவேன், பத்தாவது பாஸ் பண்ண வைப்பேன் என்று நானும் ஏற்றுக்கொண்டிருக்கிறேன் என்றார் மேடம். மாமியார் அந்தக் காகிதத்தை வாங்கி, என் கட்டைவிரல் பதிந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் அதில் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"போலீசு வரலீன்னா வெச்ச வெரலு இல்லீன்னு ஆயிருமா? உன்ற பையனுக்கு வேற எடம் பாரு."

நாத்தனாருக்கு ரோஷம் வந்து, சேலையும் பூவுமாக அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். நாலைந்து மாசம் பேச்சே இல்லை. பிறகு கொள்ளேகாலில் ஒரு பெண் அமைந்து, பத்திரிகை வைக்க அவளே வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. காகிதம் பொய் என்று தெரிந்த பிறகும் மாமியார் கேட் வரைக்கும் நடப்பதை நிறுத்தவில்லை. மழைக் காலத்தில் என் மகளின் புத்தகப் பைக்குத்தான் குடை பிடிப்பார்.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்று மகள் ஸ்கூல் போர்டில் நம்பர் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பாஸ். மாமியார் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "அந்தக் காயிதம் இன்னியோட முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார். முடிஞ்சு போச்சுங்க அத்தை என்றேன். இனி எதைச் சொல்லி நிறுத்துவேன், ஊரில் சொந்தத்துக்கா பஞ்சம், நாளைக்கே இன்னொருவர் சேலையோடு வருவார். மகள் கதவருகில் அப்படியே நின்றாள்.

மாமியார் முறத்தை இறக்கி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பறம் ஏன் நிக்கற அம்மிணி? காலேசுக்குச் சேத்து இன்னொரு காயிதம் எழுதி வாங்கிட்டு வா. இந்தத் தடவ வெரலு நான் வெக்கறன்."