செங்கல் மிதித்த பிரேக்

என் அப்பாவுக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. முந்தைய வருடம் கிளட்ச் வேலைக்காகக் கம்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்ட எங்கள் பழைய கார், பதினோரு நாள் கழித்து, சீட்டில் கிரீஸ் கறையோடும் அதுவரை இல்லாத ஒரு கடகட சத்தத்தோடும் திரும்பி வந்தது என்பது அவர் சொன்ன காரணம். அம்மா சொன்ன காரணம் வேறு. திராட்சைத் தோட்டத்து மோட்டாரை அவர் ஒருமுறை தானே கழற்றி மாட்டியிருந்தார். அது ஓடியும் தொலைத்தது. "அன்னைக்கு அது ஓடாமப் போயிருந்தா நாம நிம்மதியா இருந்திருப்போம்" என்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது காரின் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. அப்பா செல்போனில் ஒரு மலையாள மெக்கானிக்கின் வீடியோவைத் தேடிப் பிடித்தார். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அப்பா மாடிக்குப் போய்க் கொஞ்சம் பார்ப்பார். இறங்கி வந்து கொஞ்சம் கழற்றுவார். மறந்துவிடும். மறுபடியும் ஏறுவார். தனக்கு மலையாளம் தெரியும் என்பது அவருடைய அபிப்பிராயம். அந்த ஆள் 'பதுக்கெ, பதுக்கெ' என்று சொல்லும்போதெல்லாம் நன்றாகப் புரிந்ததுபோலத் தலையாட்டுவார். 'பதுக்கெ' என்றால் மெதுவாக; ஆனால் அப்பா எதையும் மெதுவாகச் செய்யமாட்டார்.

கழற்றிய நட்டுகள் வரிசை மாறக்கூடாது என்று அம்மாவின் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சக்கரத்து நட்டுகள். மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி கிடையாது. வாசலில் கார் செங்கல் அடுக்குகளின் மேல் சக்கரமில்லாமல் நின்றது. பால்காரர் சுற்றிக்கொண்டு போனார். தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். அம்மா மட்டும் யோசனை சொல்லவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் புது பிரேக் சூக்களை மாட்டிய பிறகு கடைசி வேலை ஒன்று இருந்தது. பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று தங்கியிருந்தால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கவேண்டும்; மற்றவர் சக்கரத்தருகே ஒரு சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிட்டு மூடவேண்டும். மூடும்வரை மிதித்தவர் காலை எடுக்கக்கூடாது; எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்.

சீட்டின் நுனியில் சரிந்து உட்கார்ந்தால்தான் என் கால் எட்டும். "மிதி ஆத்தா" என்பார் கீழேயிருந்து. மிதிப்பேன். "பிடிச்சுக்க" என்பார். கால் நடுங்கும். "விடு" என்பதற்குள் ஒரு யுகம் ஆகும். பின்சக்கரம் இரண்டு, முன்னால் ஒன்று என்று மூன்று முடிவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மெக்கானிக்கிடம் விட்டால் அவர் வீட்டுப் பிள்ளை அல்லவா இதை மிதிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது சக்கரத்தின்போது என் வகுப்புத் தோழி புதுச் சைக்கிளில் வந்து வாசலில் மணியடித்தாள். பார்ப்பதற்காக எழும்பினேன். கால் பிரேக்கிலிருந்து நழுவிவிட்டது. கீழே களக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"பிடிச்சிருக்கியா ஆத்தா?"

"பிடிச்சுக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்" என்றேன், காலை அவசரமாக மறுபடி வைத்தபடி. அவர் திருகை மூடினார். நான் சைக்கிள் ஓட்டப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுளியில் சித்தியின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பஸ்ஸில் போகலாம் என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. புறப்படும்போதே பிரேக் வழக்கத்தைவிடக் கீழே போய்த்தான் பிடித்தது. "புது சூ. உக்காரணும்ல" என்றார். மலையேறுவதற்குப் பிரேக் அதிகம் தேவைப்படவில்லை. சித்தி வீட்டில் எல்லோரிடமும் தானே பிரேக் வேலை பார்த்ததை விவரமாகச் சொன்னார். இட்லித் தட்டைப் பற்றி அம்மா சொன்னாள். திரும்பும்போது சித்தி ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

இறக்கத்தில் நான்காவது வளைவோ ஐந்தாவதோ இருக்கும். அப்பாவின் கால் வேகவேகமாக மேலும் கீழும் போவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். முன்னால் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மூக்குத்தி தெரியும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். அப்பா ஹாரனை அழுத்தியபடியே கியரைக் குறைத்தார். வண்டி உறுமியது. பலாப்பழம் உருண்டு வந்து என் காலை நசுக்கியது. அம்மா முன்சீட்டில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, "சொன்னேன், சொன்னேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா கை பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். கார் மண்மேட்டை உரசிக்கொண்டே போய், ஓடைக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது.

யாருக்கும் அடியில்லை. முன்னால் போன ஜீப்பும் நின்றது. பெண்கள் இறங்கி வந்து காரைத் தள்ளிச் சாலையோரம் நிறுத்தினார்கள். மூக்குத்திக்காரப் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "பிள்ளைய வச்சுக்கிட்டு இப்படியா வருவாக" என்றாள்.

"இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பலாப்பழத்தோடு ஜீப்பில் ஏறினாள். அதில் பழத்துக்கே பாதி இடம்தான் இருந்தது. நான் அப்பாவோடு நின்றுவிட்டேன்.

கிளட்ச் வேலை பார்த்த அந்த மெக்கானிக்குக்கே அப்பா போன் செய்தார். கம்பத்திலிருந்து அவர் பைக்கில் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம். அப்பா என்னிடம் கால் வலிக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். பலாப்பழம் விழுந்த காலைத்தான் கேட்டார்.

மெக்கானிக் ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். அப்பாவை பிரேக்கில் உட்காரவைத்துத் திருகுகளைத் திறந்து மூடினார். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஆயிலோடு காற்று குமிழ்குமிழாக வந்தது.

"அண்ணே, சூவெல்லாம் சுத்தமா மாட்டியிருக்கீக. இந்த ஒண்ணுலதான் காத்து நிக்குது. மிதிச்சவுக நடுவுல காலை எடுத்துட்டாக. யாரு மிதிச்சது?"

அப்பா காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"யாரு இருக்கா? செங்கல்லைத்தான் முட்டுக் குடுத்து வச்சேன். சரிஞ்சிருச்சு போல."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "செங்கல்லா, செங்கல்லா" என்று கேட்டுக்கொண்டே மிச்ச வேலையை முடித்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். ஒரு வாரத்துக்குள் அந்தக் கதை கம்பம் முழுவதும் பரவிவிட்டது. டீக்கடையில், "கவுண்டன்பட்டியில செங்கல்லை டிரைவரா வச்சிருக்காகளாம்" என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அதன்பிறகு வண்டியில் கை வைக்கவில்லை. டயருக்குக் காற்றடிக்கக்கூட அந்த மெக்கானிக்கிடமே கொண்டுபோனார்.

அன்று நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா சண்டைக்குத் தயாராக இருந்தாள். ஜீப்பில் வரும்போதே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பாள் போல. மோட்டாரில் ஆரம்பித்து இட்லித் தட்டுவரை வந்து, கடைசியில், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, எதனால் பிரேக் போனது என்று கேட்டாள். அப்பா செங்கல் கதையைச் சொன்னார்.

"செங்கல்லா வச்சீக?" என்றாள் அம்மா. நான் பிரேக்கில் உட்கார்ந்திருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருந்தாள்.

"ஆமா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டில் குனிந்திருந்த என்னைப் பார்த்தாள். எழுந்து போய், அப்பாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு கொண்டுவந்து ஊற்றினாள்.

எனக்கு ஆறுதலைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. பிரேக்கை யார் மிதித்தது என்பது ஒரு வாரத்துக்குள் அப்பாவுக்கு மறந்துவிட்டது. கண்ணால் பார்த்த அம்மாவுக்கும் மறந்துவிட்டது. இவ்வளவு ஞாபகமறதிக்காரர்களை வைத்துக்கொண்டு நான் எப்படி வளர்ந்து ஆளாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கைகழுவப் போனேன்.