பெரியவருக்கு ஒரு ரிவர்ஸ் லைட்

எதிர்வீட்டுக்காரர் தன் காரின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் காதை வைத்துக் கேட்கிறார். திறக்கிறார், மறுபடி சாத்துகிறார், மறுபடி கேட்கிறார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "பெரியவர் இன்னைக்கு நல்லா இருக்காரு" என்று அறிவிக்கிறார். உள்ளிருந்து மனைவியின் குரல் வருகிறது: "அவரு நல்லா இருக்கட்டும், நீங்க குளிச்சிட்டுக் கடைக்குக் கிளம்புங்க."

பெரியவர் என்பது கார். இவரைவிட வயதில் மூத்தது என்பதால் அந்த மரியாதை.

இவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. எதிர்வீட்டுக்காரன் என்ற முறையில் என் கண்ணாடியும் இவர் கைவண்ணம்தான். மூக்கில் மாட்டிவிட்டு இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "உங்களுக்கு ஒரு காது மேல ஏறி இருக்கு" என்று கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். பிறகு ஃபிரேமைச் சூடுகாட்டி அந்தக் காதுக்குத் தகுந்தாற்போல வளைத்துத் தருவார். மனிதர்களுக்காக எதையும் வளைப்பார். காரில் மட்டும் ஒரு திருகாணியைக்கூட மாற்ற விடமாட்டார். ரேடியோ கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகக் கையை நீட்ட வேண்டும். "பொறக்கும்போது என்ன இருந்துச்சோ அதோட இருந்துட்டுப் போகட்டும்" என்பார். பழைய கார்களுக்கு வருடா வருடம் நடக்கும் கண்காட்சியில், அசல் மாறாத காருக்கான கோப்பையை வேறு யாரும் வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. கோப்பைகள் கடையில் கண்ணாடிக் கூடுகளுக்கு நடுவே நிற்கின்றன.

அந்தக் கார் பிறந்தபோது ரிவர்ஸ் லைட் இல்லை. பின்பக்கக் கண்ணாடியோ தபால் பெட்டியின் வாய் அளவுதான். எனவே வண்டி பின்னால் நகர வேண்டுமென்றால் மாடியில் குடியிருக்கும் மச்சான் இறங்கி வர வேண்டும். மனைவியின் அண்ணனான அவர், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிக்குப் பின்னால் நின்று கையை நீட்டி, "வரலாம்... வரலாம்..." என்று அவர் குரல் கொடுப்பதைக் கேட்டால் ஏதோ எக்ஸ்பிரஸ் வருகிறதென்று தோன்றும்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. மச்சான் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். "வரலாம்... வரலாம்..." என்ற குரல் பாதியில் நின்றது. மூட்டை விழுந்தாற்போல ஒரு சத்தம். இவர் பதறியடித்து இறங்கிப் பின்னால் ஓடி, மண்டியிட்டு, பம்பரைத் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் பக்கத்தில் மச்சான் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். என் வாசலிலிருந்து நான் பார்த்தேன். வீட்டுப் படியிலிருந்து இவர் மனைவியும் பார்த்தார்.

கணுக்கால் எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மச்சான்தான் இவரைத் தேற்றினார். "விடுங்க மாப்பிள்ளை. சர்வீஸ் பூரா ரயிலுக்குப் பின்னாடிதான் இருந்தேன், ஒரு கீறல் கிடையாது. உங்க கார்ல அடிபடணும்னு இருந்திருக்கு."

வீடு திரும்பியதும் மனைவி, "முதல்ல எதைத் தடவிப் பாத்தீங்கன்னு நான் பாத்தேன்" என்றார்.

"இருட்டு. ஒண்ணும் தெரியல."

"பம்பர் மட்டும் தெரிஞ்சுதாக்கும்."

ஊருக்கெல்லாம் கண் பரிசோதிப்பவர் சட்டை நுனியால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு சுருங்கிப் போனது. சாப்பாடு மேஜைக்கு வரும். "சாப்பிட வாங்க" என்ற வார்த்தை வராது.

அடுத்த வாரம் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு, கார் ஒயரிங் செய்பவரைக் கூட்டி வந்தார். ஒயரிங்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "ஒரே ஒரு ஓட்டை போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும் சார்" என்றார்.

"ஓட்டையா? என் நெத்தியில போடுங்க. பெரியவர்மேல துரப்பணம் படக் கூடாது."

காயலான் கடையில் கிண்டி, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் சின்ன விளக்கைப் பிடித்து வந்தார்கள். நம்பர் பிளேட்டின் போல்ட்டிலேயே ஒரு பட்டையைத் தொங்கவிட்டு அதில் இரண்டு நட்டுப் போட்டு மாட்டினார்கள். கியர் கம்பியின் அடியில், ரிவர்ஸ் விழுந்தால் அமுங்கும்படி ஒரு சுவிட்ச். முதல் தடவை ரிவர்ஸ் போட்டபோது ஹாரன் அடித்தது. "எப்படியும் எச்சரிக்கைதானே சார்" என்றார் ஒயரிங்காரர். இவர் முறைத்த முறைப்பில் ஒயரை மாற்றினார். அடுத்து விளக்கு எரிந்தது. ஆனால் எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு தேவைப்பட்டது. பெரியவருடைய பேட்டரி ஆறு வோல்ட், பல்பு பன்னிரண்டு. ஆறு வோல்ட் பல்பு தேடி மூன்று ஊர் அலைந்தார். அதைப் போட்டதும் மதில்சுவர் பளிச்சென்று தெரிந்தது. மாடியிலிருந்து மச்சான் ஊன்றுகோலோடு இறங்கி வந்து, "சிக்னல் கிளியர்" என்றார். மனைவி எட்டிப் பார்க்கவில்லை.

கண்காட்சிக்கு அவர்கள் மூவரோடு நானும் கூடப் போனேன். கழுத்தில் அட்டை தொங்க, நடுவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு இடத்திலும் தலையை ஆட்டிப் பாராட்டியவர், பின்னால் வந்ததும் குனிந்தார்.

"இது கம்பெனியில வந்ததா?"

"இல்லைங்க. என் சம்சாரம் வீட்டு வழியில வந்தது."

ஊன்றுகோலில் சாய்ந்து நின்ற மச்சான் சிரித்துவிட்டார். நடுவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நட்டுதானே, கழட்டி டிக்கிக்குள்ள போடுங்க. நான் அந்த வரிசையைப் பாத்துட்டு வரேன். இல்லைன்னா கோப்பை கைவிட்டுப் போயிரும்" என்றார்.

மனைவி ஓரடி முன்னால் வந்தார். "என்னங்க, கழட்டிடுங்களேன். வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்."

இவர் காரில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பி, கிளட்சை மிதித்து, ரிவர்ஸ் கியரைப் போட்டார். விளக்கு எரிந்தது. உச்சி வெயிலில் அது தெரிய, நடுவர் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த காருக்கு நகரும்வரை, இவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கியரை எடுக்கவே இல்லை.